"ஆறு முதல் ஒன்பது வரை ஓய்வு வகுப்பு" என்று எழுதியவருக்கு

படுவான்கரை மிஸ்:
போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "தரம் 6 முதல் 9 வரை படிப்பிப்பது ஓய்வெடுப்பது மாதிரி. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் இல்லை, தரம் 11 ஓ.எல். பரீட்சையும் இல்லை, யாரும் பெறுபேறு கேட்கமாட்டார்கள்." வாசித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம் முடித்து, படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், வெல்லாவெளிக்கு அப்பால் தமிழ் படிப்பிக்கப் போனேன். முதல் வருடம் முடிகிறது. அந்த ஓய்வு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 8 பாடவேளையில் 6 எனக்கு. ஆசிரியர் வராத வகுப்புகள் மிச்சம் இரண்டையும் தின்னும். 40 நிமிடத்தில் வரவு இடாப்பு, கொப்பி கொண்டுவராதவன், பின்வாங்குச் சண்டை எல்லாம் போக 25 நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். தரம் 7இல் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பத்தி வாசிக்க வராது. ஒவ்வொருவராக விறாந்தைக்குக் கூப்பிட்டு வாசிக்க வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வெட்கம் வராமல் 'கெ'யையும் 'கொ'வையும் பிரித்துக் காட்டுவது எப்படி என்று எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

பழைய வாத்தியார்:
எழுதியது நான்தான் மகள். 'ஒருவர்' என்று ஒளிக்கத் தேவையில்லை. 'பாதி' என்கிறீர்களே, வகுப்பில் எத்தனை பேர்? வாசிக்காதவர் எத்தனை?

படுவான்கரை மிஸ்:
28 பேர். 13 பேர் வாசிக்கவில்லை சேர்.

பழைய வாத்தியார்:
28இல் பாதி 14. 13 எப்படிப் பாதியாகும்? தமிழ் டீச்சருக்குக் கணக்கு வேண்டாம் என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது?

வாவிக்கரையான்:
ஐயோ சேர், இன்னொரு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

கொப்பியும் பேனையும்:
முதலில் 'வாசிப்பு' என்று எதைச் சொல்கிறோம்? எழுத்துக்கூட்டுவதையா, வாசித்ததைத் தன் வசனத்தில் சொல்வதையா? இரண்டுக்கும் வேறு வேறு எண்ணிக்கைதான் வரும்.

பழைய வாத்தியார்:
வாசிப்பு என்றால் வாசிப்புத்தான். பேச்சை மாற்றவேண்டாம். 13 பாதி இல்லை. நாங்கள் 90களில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பாடக்குறிப்பு எழுதினோம், வெடிச்சத்தத்துக்கு நடுவே படிப்பித்தோம். ஒரு வகுப்பில் 45 பேர். என்னிடம் படித்து வாசிக்கத் தெரியாமல் ஒருவனும் போகவில்லை. பிரம்பு என்று ஒன்று இருந்தது.

கல்முனைக் காக்கா:
பிரம்புக்குக் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையோடு தடை வந்தாயிற்று சேர், அதிபர்மாருக்கும் தெரியும். ஒருவனும் போகவில்லையா? அடிக்குப் பயந்து பள்ளிக்கூடம் வராமல் நின்றவனை இடாப்பில் வெட்டிவிட்டால் மிஞ்சியவன் எல்லாம் வாசிப்பான்தானே! எங்கள் சம்மாந்துறைப் பக்கம் பெரும்போக நெல் வெட்டு நேரம் தரம் 8 பையன்கள் பாதிப்பேர் வயலில்தான் நிற்பார்கள்.

பழைய வாத்தியார்:
இவருக்கும் பாதி! எண்ணிப் பார்த்தீரா, அல்லது முன்பு இங்கே நடந்த டியூசன் விவாதத்தில் அடித்துவிட்ட மாதிரித்தானா? அன்று வாய் அடைத்துப் போனது மறந்துபோயிருக்கும்.

கல்முனைக் காக்கா:
வாய் அடைக்கவில்லை. நோன்பு நேரம், உங்களோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை.

வாவிக்கரையான்:
காக்கா, விடுங்கோ. சேர் தன் பேரப்பிள்ளையை நகரத்துப் பாடசாலையில்தான் சேர்த்திருக்கிறார். படுவான்கரையில் எல்லாம் நல்லாய் நடக்கிறதென்றால் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கலாமே.

பழைய வாத்தியார்:
பேரப்பிள்ளையை இழுக்கிற வேலை வேண்டாம் தம்பி. அவன் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவன். இன்னொன்று. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று. இன்னும் 'படுவான்கரை, கஷ்டம்' என்று ஒப்பாரி வைக்கிறீர்கள்.

படுவான்கரை மிஸ்:
மண்முனைப் பாலம் கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்களுக்குச் சேர். நான் களுவாஞ்சிக்குடியில் இறங்கிப் பட்டிருப்புப் பாலத்தால் போகிறேன். அதற்கு அப்பால் பஸ் வந்தால் உண்டு. மாரியில் வீதியில் தண்ணீர், பின்னேரம் சுணங்கினால் யானை. வகுப்பைப் பற்றி எழுதினேன், நீங்கள் பாலம் எண்ணுகிறீர்கள்.

வாவிக்கரையான்:
குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப்படகு) ஏறி மண்டூருக்குப் போய்ப் போகலாமே மிஸ்?

படுவான்கரை மிஸ்:
பாதைக்குக் காத்து நின்றால் முதல் பாடவேளை முடிந்துவிடும்.

பழைய வாத்தியார்:
பார்த்தீர்களா, பிந்திப் போகிறவர். விறாந்தையில் வாசிக்க வைத்த அன்று எத்தனை பேர் வரவில்லை? வராதவனையும் சேர்த்தா 13?

படுவான்கரை மிஸ்:
நான் பாதையால் போவதே இல்லை! 28 பேரும் வந்த நாள் அது.

பழைய வாத்தியார்:
தரம் 7இல் 28 பேரும் ஒரே நாளில் வந்தார்களாம். நானும் இடாப்பு எழுதியவன்தான் மகள்.

கல்முனைக் காக்கா:
சேர், டியூசன் காசுக்கு அன்று நான் கேட்ட கணக்கு இன்னும் நிலுவையில் நிற்கிறது. அதற்கும் இடாப்பைத் திறவுங்கள்.