இலவச வக்கீலை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கிண்டி யூ.கே. ஷிஃப்ட்:

பாரிமுனையில் பிராக்டிஸ் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். நான் சட்டம் படித்தவன், ஆனால் கோட்டு போட்டதில்லை. கிண்டியில் ஒரு எல்.பி.ஓ.வில் (வெளிநாட்டுச் சட்ட வேலையை இங்கிருந்து செய்து கொடுக்கும் கம்பெனி) இங்கிலாந்து சொலிசிட்டர், அதாவது வக்கீல், ஆபீஸ்களுக்குப் பின்னணி வேலை பார்த்தேன். 2015 கோடையில் எங்கள் டீமுக்கு வந்தது டெண்டர் வேலை.

அங்கே போலீஸ் பிடித்துக்கொண்டு போனவருக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. அந்த வக்கீலை அரசு பெரும்பாலும் சம்பளத்துக்கு வைப்பதில்லை. லீகல் எய்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு தனியார் சட்ட நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும். அதுவரை சுமார் 1,600 நிறுவனங்கள் இதைச் செய்துவந்தன. பிடிபட்டவருக்காக முறை போட்டு ஸ்டேஷனுக்குப் போகும் டியூட்டிக்கு இனி 85 பகுதிகளில் மொத்தம் 527 ஒப்பந்தம்தான் என்று சுருக்கினார்கள். 1,099 விண்ணப்பங்கள் வந்தன. ரேட்டை அரசே நிர்ணயித்துவிட்டதால் விலையில் போட்டி இல்லை. கேள்விகளுக்கு எழுதிய பதிலுக்கு மார்க்.

எங்கள் கிளையன்ட் ஒருவர் முப்பது வருடமாக ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்த மனிதர். கூடுதல் வேலை வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற கேள்விக்கு அவர் அனுப்பிய பதில் இரண்டே வரி: ‘ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் போவேன். இந்த ஊரில் எல்லா இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும்.’ தெரியும் என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது சார், போனை யார் எடுப்பார், அவர் லீவு என்றால் யார் எடுப்பார், அதை யார் சரிபார்ப்பார் என்று எழுத வேண்டும் என்றோம். கடைசியில் நாங்களே எழுதினோம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தே இராத ஒரு ஊர் ஸ்டேஷனுக்கு ரோட்டா (யாருக்கு எப்போது முறை என்ற பட்டியல்) போட்டோம்!

அக்டோபரில் முடிவு வந்தது. அவருக்கு இல்லை. ஆள் குறைவான இன்னொரு கிளையன்டுக்குக் கிடைத்தது. அங்கே ஒரு பெண்மணி பிரமாதமாக எழுதுவார். பிறகு ரகளை. மதிப்பீட்டில் வேலை பார்த்த ஒருவர் வெளியே வந்து, சட்ட உதவி பற்றி ஒன்றும் தெரியாத தற்காலிக ஆட்களை வைத்து மார்க் போட்டார்கள் என்று குற்றம் சாட்டினார். நூறு அளவில் வழக்குகள் கோர்ட்டுக்குப் போயின. 2016 ஜனவரியில் நீதித்துறை அமைச்சர் மைக்கேல் கோவ் மொத்தத்தையும் ரத்து செய்தார். 2017 ஏப்ரலில் வந்த ஒப்பந்தத்தில் எண்ணிக்கை உச்சவரம்பே இல்லை, தகுதி இருந்தால் போதும்.

இதற்கும் முன்னால், 2013-ல், விலையிலேயே போட்டி வைக்கப் பார்த்தார்கள். நடப்பு ரேட்டைவிடக் குறைந்தது 17.5 சதவீதம் குறைத்துத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். ஒரு பெரிய லாரி கம்பெனியின் கிளை நிறுவனம்கூட இறங்கப் போவதாகச் செய்தி வந்தது. வக்கீல்கள் தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் கைவிட்டார்கள்.

நம்மூரில் இது எப்படி நடக்கிறது?

பாரிமுனை கறுப்புக் கோட்டு:

நல்ல கேள்வி சார். நம்மூரில் டெண்டரே கிடையாது. நிறுவனத்துக்குக் கொடுப்பதும் இல்லை, ஆள் ஆளாகத்தான் எடுப்பார்கள். 1987-ம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், அதன் கீழ் 2010-ல் நால்சா (தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு) போட்ட ஒழுங்குமுறை விதிகள், இரண்டும்தான் அடிப்படை. சிவில், கிரிமினல், குடும்பம், தொழிலாளர் என்று தனித்தனிப் பேனல், அதாவது வக்கீல் பட்டியல். சாதாரணமாக மூன்று வருட அனுபவமாவது வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேனலைக் கலைத்துப் புதிதாகப் போடுவார்கள், கையில் உள்ள கேஸ் மட்டும் அவரவரிடமே தொடரும்.

அறிவிப்பு வந்ததும் என்ரோல்மென்ட் சான்றிதழ் நகல், நடத்திய வழக்குகளின் பட்டியல் எல்லாம் வைத்துக் கொடுத்தேன். நேர்காணலில் என்னிடம் சட்டக் கேள்வி அதிகம் கேட்கவில்லை. ‘வக்காலத்து போட்ட கேஸ் எத்தனை என்று சொல்லாதீர்கள், சாட்சியை நீங்களே குறுக்கு விசாரணை செய்தது எத்தனை?’ என்றார்கள். அந்தக் கேள்வியில் பாதிப் பேர் வடிகட்டப்பட்டார்கள் என்று வெளியே வந்ததும் தெரிந்தது. நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பீஸ் அவர்கள் போட்டதுதான், குறைத்துக் கேட்டு உள்ளே வர முடியாது. ஆனால் பேனலில் பெயர் வந்தாலே கேஸ் வந்துவிடாது. சிலருக்கு மாதாமாதம் ஆர்டர் வரும், சிலருக்குத் தீபாவளி பொங்கலுக்குத்தான். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. பில்லும் அப்படித்தான். தீர்ப்பு நகல் வைத்தால்தான் பில், நகல் வரவே மாதக்கணக்கு. ஜூனியர்கள் அந்த இடைவெளியில்தான் கழன்றுகொள்கிறார்கள்.

எழும்பூர் ரிமாண்ட்:

கிரிமினலுக்கு இப்போது கதை மாறிவிட்டது அண்ணா. 2022-ல் நால்சா கொண்டுவந்த சட்ட உதவி எதிர்வாத வக்கீல் முறையில் முழு நேரம், மாதச் சம்பளம், சொந்தப் பிராக்டிஸ் கூடாது. தலைமை வக்கீலுக்குக் கிரிமினலில் பத்து வருட அனுபவமும், செஷன்ஸில் 30 விசாரணையாவது நடத்தியிருப்பதும் வேண்டும். துணை வக்கீலுக்கு ஏழு வருடம், 20 விசாரணை. என்னைப் போன்ற உதவி வக்கீலுக்கு மூன்று வருடத்துக்கு உட்பட்ட அனுபவம் போதும். ஒப்பந்தம் இரண்டு வருடம், வேலை திருப்தி என்றால் பிறகு வருடா வருடம் நீட்டிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு.

அந்த மதிப்பீட்டில் எத்தனை ஜாமீன் மனு, எத்தனை விசாரணை, எத்தனை விடுதலை என்று எண்ணிக்கை எழுதுகிறோம். எண்ணிக்கையில் வராத வேலை ஒன்று சொல்கிறேன். ரிமாண்டுக்குக் கொண்டுவரும் பையன்களிடம் வீட்டுக்குத் தகவல் சொன்னாயா என்று கேட்டால் முழிப்பார்கள். போன் போலீசிடம். ஒருத்தனுக்கும் அம்மா நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. ‘உங்கள் ரேஷன் கடை எது, பக்கத்தில் டிபன் கடை எது, அங்கே யாரைத் தெரியும்’ என்று கேட்டுக் கேட்டுத்தான் வீட்டைப் பிடிக்க வேண்டும். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆள் வராமல் புழலில் கிடக்கிறவர்களில் சிலர், வீட்டுக்கே விஷயம் தெரியாதவர்கள். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

கிண்டி சாரின் முப்பது வருட ஆளுக்கு மார்க் வராதது எனக்கு ஆச்சரியமே இல்லை.

வியாசர்பாடி அக்கா:

நான் வக்கீல் இல்லை. தங்கை ஜீவனாம்சம் கேட்ட வழக்குக்காக அவளோடு அலைந்தவள். முதலில் விண்ணப்பம் வாங்கும் இடத்தில் வருமானச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே உட்கார்ந்திருந்த தன்னார்வலர் பெண்தான், ‘பெண்களுக்கு வருமானமே பார்க்க வேண்டியதில்லை, சட்டப்பணிகள் சட்டத்தின் 12-வது பிரிவைப் பாருங்கள்’ என்று உள்ளே கூட்டிப்போனது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

வக்கீல் கிடைத்தார். இரண்டாவது வாய்தாவிலேயே அவருடைய குமாஸ்தா டைப்பிங், ஜெராக்ஸ் என்று ஆரம்பித்தார். சின்னத் தொகைதான், ஆனால் அவள் வீட்டு வேலை செய்து சம்பாதிக்கிறவள். நீங்கள் டெண்டர், நேர்காணல், மார்க் என்று பேசுகிறீர்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே? இந்த வக்கீல் எப்படி, போன் எடுத்தாரா, பணம் கேட்டாரா என்று கேஸ் முடிந்த பிறகாவது கேட்டிருக்கலாம்.

பாரிமுனை கறுப்புக் கோட்டு:

அக்கா, பேனல் வக்கீல் எந்த வடிவத்திலும் கட்சிக்காரரிடம் காசு வாங்கக் கூடாது. விதியிலேயே இருக்கிறது, பேனலை விட்டே தூக்கலாம். குமாஸ்தா வாங்கினாலும் வக்கீல் வாங்கியதுதான். வழக்கு எண் போட்டு அந்த ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒரு மனு கொடுங்கள், வேறு வக்கீல் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் பேசலாம். கண்காணிப்புக் குழு என்று ஒன்று விதிப்படி இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டது சரி, அந்தக் குழுவுக்குப் போவது நாங்கள் எழுதிக் கொடுக்கிற ரிப்போர்ட்தான்.

கிண்டி யூ.கே. ஷிஃப்ட்:

அக்கா கேட்டதில் ஆடிப்போய்விட்டேன். அந்த டெண்டரில் நான் டைப் செய்த பக்கங்களில் கட்சிக்காரர் என்பவர் ‘சேவை பெறுபவர்’ என்று மட்டும்தான் வந்தார். அவர் திருப்தியாக இருக்கிறாரா என்பதற்கும் நாங்கள்தான் பதில் எழுதினோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே தோற்றவர்களால் கோர்ட்டுக்குப் போக முடிந்தது என்றால், மார்க் போட்ட தாள் இருந்ததால்தான். இங்கே நேர்காணலில் விடுபட்டவருக்கு அப்படி ஏதாவது கையில் கிடைக்குமா?

எழும்பூர் ரிமாண்ட்:

என் செட்டில் விடுபட்டவர்களுக்குப் பட்டியலில் பெயர் இல்லை என்பதுதான் பதில். ஒருவர் ஆர்.டி.ஐ. போட்டார், என்ன ஆயிற்று என்று கேட்டுச் சொல்கிறேன்.

புதுசா என்ரோல்மென்ட்:

அண்ணன்களுக்கு வணக்கம். அடுத்த பேனல் அறிவிப்பு வரும்போது போடலாம் என்று இருக்கிறேன். இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்?

பாரிமுனை கறுப்புக் கோட்டு:

தம்பி, சீனியர் ஆபீசில் வாய்தா வாங்குவதோடு நிற்காதே. சின்ன கேஸாக இருந்தாலும் பரவாயில்லை, சாட்சியை நீயே விசாரிக்கிற மாதிரி இரண்டு மூன்று கேட்டு வாங்கு. முடிந்த கேஸுக்கெல்லாம் தீர்ப்பு நகலுக்கு இன்றைக்கே மனுப் போட்டு வை. அறிவிப்பு வந்த பிறகு காப்பி செக்ஷனில் போய் நின்றால் கடைசித் தேதிக்குள் வராது.