மின்ட்டுக்குள் விண்டோஸ்: டிடிபி கடைக்குச் சரிப்படுமா?

களியக்காவிளை டிடிபி: என் டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சடிக்கும்) கடையில் நாலாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏற்கும் செயலிப் பட்டியலில் இது இல்லை. 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு நின்றதும் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுவிட்டேன். பில், மெயில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் பாறசாலைப் பக்கத்துக் கல்யாணக் கார்டுகள் முழுக்க பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள், எம்எல்-டிடி கார்த்திகா என்ற மலையாள எழுத்துரு. யூனிகோடே (எல்லா மொழிக்குமான பொதுக் குறியீடு) தெரியாத ஜோடி. விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) பழைய விண்டோஸ் 7 வைத்து ஓட்டலாமா?

மார்த்தாண்டம் ஹார்டுவேர்: வேண்டாம் அண்ணே. இருக்கிற எட்டில் நாலை உள்ளே கொடுத்தால், வெளியே பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் மெஷின் திணறும். பேசாமல் டூயல் பூட் (ஆன் பண்ணும்போது மின்ட்டா விண்டோஸா என்று தேர்ந்தெடுப்பது) போடுங்கள்.

களியக்காவிளை டிடிபி: ஒருவர் ஜிஎஸ்டி பிரிண்ட் கேட்பார், பின்னால் நிற்பவர் மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ரீபூட் பண்ணினால் ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவாரே தம்பி.

பாறசாலை வாத்தியார்: நாலு ஜிபி எதற்கு? 32 பிட் விண்டோஸ் 7க்கு, பேஜ்மேக்கர் மட்டும் என்றால், ஒன்றரை ஜிபி தாராளம். எங்கள் பள்ளிக்கூடத்திலும் உபுண்டு வழி வந்த லினக்ஸ்தான். ஒரே ஒரு பழைய மென்பொருளுக்காக இப்படித்தான் வைத்திருக்கிறேன். நெட்வொர்க் அடாப்டரை மட்டும் கழற்றிவிடுங்கள். 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்த சிஸ்டத்தை இணையத்தில் விடக்கூடாது.

மார்த்தாண்டம் ஹார்டுவேர்: சார், பிரிண்டர்? உள்ளேயிருந்து பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவைச் சேர்த்துப் பொதியாவிட்டால், மணப்பெண் பெயர் இருக்கிற இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஒருமுறை நூறு கார்டு போனது எனக்கு. அப்புறம் லைசென்ஸ்? மெஷினோடு வந்த ஓஇஎம் சாவி (அந்த மெஷினுக்கு மட்டுமான லைசென்ஸ் எண்) விர்ச்சுவல் மெஷினுக்கு ஆகாது.

பாறசாலை வாத்தியார்: லைசென்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், தனியாக வாங்கிய பிரதி வேண்டும். பிடிஎஃப் சிக்கல் டூயல் பூட்டிலும் வரத்தானே செய்யும்?

களியக்காவிளை டிடிபி: பெட்டியில் தனியாக வாங்கிய பழைய சிடி இருக்கிறது, போட்டேன். முதலில் விடி-எக்ஸ் (விர்ச்சுவல் மெஷினுக்கு உதவும் செயலி வசதி) இல்லை என்று அடம்பிடித்தது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அணைந்து கிடந்தது. இரண்டுக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டருக்கு, கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருளை உள்ளே போட்டு, எழுத்துருவோடு பிடிஎஃப் எடுத்து, மின்ட்டிலிருந்தே அச்சடித்துவிட்டேன். பேஜ்மேக்கரும் பிரவுசரும் ஒன்றாகத் திறந்தும் ஸ்வாப்பை (ராம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) தொடவில்லை.

மார்த்தாண்டம் ஹார்டுவேர்: சரி, பார்ப்போம். சித்திரையில் கல்யாண சீசன் வரட்டும், அப்போது கேட்கிறேன்.