6700417 பகா எண்தான் என்பதைக் கையாலேயே நிறுவ முடியுமா?

காரணிதேடி:
2³²+1, அதாவது 4294967297, பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 641 அதை மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் ஆய்லர் கண்டுபிடித்தார். நானும் வகுத்துப் பார்த்தேன், ஈவு 6700417. இப்போது அந்த ஈவு என்னை விடமாட்டேன் என்கிறது. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை 376 பகா எண்கள். மூன்று நாட்களில் 47-ஆவது பகா எண்ணான 211 வரை வந்திருக்கிறேன். நேற்றுதான் கவனித்தேன்: 97-ஆல் வகுக்கையில் 741-இலிருந்து 679-ஐக் கழித்து 62 என்பதற்குப் பதில் 72 என்று எழுதி, மீதி 45 வரவேண்டிய இடத்தில் 48 என்று முடித்திருக்கிறேன். இப்படியொரு பிழை உண்மையான பூஜ்யத்தை மறைத்துவிட்டால் என்ன செய்வது? கணினி நொடியில் விடை சொல்லிவிடும், தெரியும். எனக்கு வேண்டியது காரணம்.

எண்கோலம்:
அந்த 47 வகுத்தலும் தேவையே இல்லை. 6700417-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 2³²+1-ஐயும் வகுக்கும் அல்லவா? அதை 'ப' என்று வையுங்கள். ப-ஆல் வகுத்தால் 2³² என்பது −1-க்குச் சமம். வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ மீதி 1 தரும். 64-க்கு முன் எந்த அடுக்கிலும் அந்த 1 வராது. ஆனால் ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2-இன் (ப−1)-ஆம் அடுக்கும் மீதி 1 தந்தாக வேண்டும். ஆகவே ப−1 என்பது 64-இன் மடங்கு. ஃபெர்மாவின் ஊகத்தை வீழ்த்த அவருடைய தேற்றமே உதவியது! எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மீதிக்கணக்கு:
இன்னும் சுருக்கலாம். அந்தக் காரணிகள் 128-இன் மடங்கோடு 1 கூட்டியவையாகவே இருக்கும் என்று 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா காட்டினார். 2588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் ஐந்துதான்: 257, 641, 769, 1153, 1409. இதில் 257-ஐ வகுக்காமலே விலக்கலாம். 3×5×17×257×65537 = 4294967295. அதற்கு 2 கூடுதல்தான் 2³²+1. எனவே அதை 257-ஆல் வகுத்தால் மீதி 2; அதை வகுக்காதது 6700417-ஐயும் வகுக்காது. ஆனால் 641-ஐ விட்டுவிடாதீர்கள், அது இரண்டாம் முறையும் வகுக்கக்கூடும்.

காரணிதேடி:
நான்கே வகுத்தல்! 641 மீதி 44, 769 மீதி 120, 1153 மீதி 334, 1409 மீதி 622. 97-இல் பட்ட அடி மறக்கவில்லை. ஒவ்வொன்றையும் திரும்பப் பெருக்கிச் சரிபார்த்தேன். கடைசி வரி இது: 1409×4755 = 6699795, அதோடு 622 கூட்டினால் 6700417.