முட்டி ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

பொங்கலுக்கு எங்கள் ஊரில் கபடி. ரெய்டு போய்த் திரும்பும்போது பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ‘டொப்’பென்று ஒரு சத்தம். பொழுது சாய்வதற்குள் முட்டி பந்துபோல வீங்கிவிட்டது. முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான் என்று அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா புத்தூர் கட்டு போடலாம் என்றார். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, அது யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

வீக்கம் வடிந்து நடக்கவும் முடிந்தது. ஆனால் மாந்தோப்பில் வரப்பை விட்டு இறங்கினால் முட்டி சட்டென்று நழுவும். அப்புறம் பார்த்த எலும்பு டாக்டர் முட்டியை லேசாக மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்பக்கம் இழுத்துப் பார்த்தார். உடனே எம்.ஆர்.ஐ. எழுதினார். ஏ.சி.எல். (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கிற முன் ஜவ்வு) முழுசாக அறுந்திருந்தது.

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகில் ஊசி, சின்னத் துளை வழியாக கேமரா. தொடையின் பின்பக்கத்துத் தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் “மடக்க வருதா?” என்றுதான் கேட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மட்டும் “நீட்ட வருதா?” என்றார். அம்மா பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் வந்ததும் அதை உருவிவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி தன் கனத்திலேயே கீழே இறங்கும்படி விட்டார். பத்து நிமிடம் உயிர் போய் வரும். பிறகு துண்டை எடுத்துவிட்டு, முட்டிக்கும் படுக்கைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் போனால் இன்னும் நீளவில்லை என்று அர்த்தம். மடக்குவது மெல்ல வந்துவிடும், நீட்டுவதை ஆரம்பத்தில் விட்டால் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்பார். தலையணை விஷயத்தை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

தொடை சூம்பிப்போனது இன்னொரு கவலை. வேட்டி கட்டினாலே வித்தியாசம் தெரிந்தது. வலி போவது வேறு, தொடைக்குப் பலம் வருவது வேறு. மூன்றாவது மாதம் வலியே இருக்காது, பசங்க ஆடக் கூப்பிடுவார்கள். ஆனால் உள்ளே வைத்த நாணில் ரத்த ஓட்டம் புதிதாக ஏறிக்கொண்டிருக்கிற நேரம் அது, பழைய உறுதி வந்திருக்காது. ஒன்பது மாதமாவது ஆக வேண்டும், ஒற்றைக்காலில் தாண்டிப் பார்த்தால் நல்ல காலோடு ஏறக்குறைய சமமாக வர வேண்டும். இரண்டும் ஆகாமல் கோர்ட்டில் இறங்காதீர்கள். மறுபடி அறுந்தால் இரண்டாவது ஆபரேஷன் இதைவிடக் கஷ்டம்.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்ன தலையணைதான் எங்கள் வீட்டிலும்! எனக்கு ஸ்கூட்டி சறுக்கி விழுந்து ஜவ்வோடு மெனிஸ்கஸும் (முட்டி எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்தது. அதைத் தையல் போட்டதால் பல வாரம் காலை முழுசாக ஊன்றவோ ஆழமாக மடக்கவோ விடவில்லை. எனக்குப் பெரிய பாடு கழிவறைதான். குந்த முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னாலேயே உயரமான கழிவறை நாற்காலி வாங்கிப் போட்டுவிடுங்கள். பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அது கூடவே கூடாது.

ஓசூரிலிருந்து:

எனக்கும் ஏ.சி.எல். அறுந்ததுதான், ஆனால் ஆபரேஷன் செய்யவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, ஆட்டம் கிடையாது, கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலை. தொடைப் பயிற்சியை மாதக்கணக்கில் விடாமல் செய்தேன், முட்டி நழுவுவது நின்றுவிட்டது. நடந்தாலே நழுவுகிறவர்களுக்கும், திரும்ப ஆட நினைக்கிற பிள்ளைகளுக்கும் கதை வேறு. டாக்டரிடம் உங்கள் வேலை என்ன, எவ்வளவு படி ஏறுவீர்கள் என்பதையெல்லாம் சொல்லிக் கேளுங்கள்.

செய்வதாக முடிவானால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் இந்த ஆபரேஷனுக்குப் பொருந்துமா என்று விசாரித்து, அனுமதி வந்த பிறகு தேதி வாங்குங்கள்.