ரயில் வராத ஸ்டேஷனும் பந்து போன பற்றையும்: போர் முடிந்த யாழ்ப்பாணத்தில் எங்கள் சின்ன வயசு

போர் முடிந்தபோது எனக்கு எட்டு வயது. வீடு யாழ்ப்பாண ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு ஒழுங்கையில். ஸ்டேஷனடி, ஸ்டேஷன் வீதி, ஸ்டேஷன் மதில் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுவோம். ரயிலைத்தான் கண்டதில்லை. 1990 ஜூனோடு நின்றுபோன சேவை, நான் பிறந்தது அதற்குப் பதினோரு வருஷம் கழித்து. மேடைக்குக் கூரை இல்லை. சுவர் முழுக்கத் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகள். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எப்போதோ பங்கர் (பதுங்கு குழி) மூடப் போய்விட்டன. மிச்சம் இருந்தது நேராக நீண்டு கிடந்த ஒரு மேட்டு நிலம்.

மிதிவெடிக்குப் பயந்து அந்த மேட்டுப் பக்கம் அப்பம்மா எங்களை அண்ட விடமாட்டார். "உங்க கால் வைச்சியோ, பேந்து கால் இராது" என்பார். 2010 பிறந்த பிறகு மெல்ல மெல்லப் பெரிய பெடியள் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் நாங்கள். ஒரு மாதத்தில் அது கிரிக்கெட் மைதானமாகிவிட்டது. தென்னமட்டை பேட், சைக்கிள் ரியூப் சுற்றிய பந்து. மேடைக்கு மேல் அடித்தால் ஆறு. டிக்கெட் கொடுத்த அறை ஜன்னலுக்குள் போனால் அவுட், ஏனென்றால் உள்ளே குடியிருந்த குடும்பத்தில் ஒரு அக்காவுக்கு எங்களைக் கண்டாலே பிடிக்காது. அவர்கள் அடுப்பு மூட்டுவது அந்த மேடையில்தான், பாவம்.

போளைக்கு (கோலிக்குண்டுக்கு) வறுமை என்பதால் சன்னக் கோது வைத்தும் விளையாடியிருக்கிறோம். நீளமான கோது ஒன்றுக்குச் சின்னது மூன்று. யார் இந்தக் கணக்கைப் போட்டது என்று தெரியாது, ஒழுங்கை முழுக்க அதே விலைதான்.

அப்பப்பா கொழும்பில் கந்தோரில் வேலை பார்த்தவர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடிய யாழ்தேவி ரயிலில் மூலை சீட் பிடிப்பது எப்படி என்று எனக்குப் பாடமே நடத்தியிருக்கிறார். எந்த ஊரில் எந்தப் பக்க ஜன்னலால் வடை வாங்க வேண்டும் என்பதுகூட அதில் அடக்கம். நான் தலையாட்டிக் கேட்பேன். ராஜா கதை கேட்பது போலத்தான்.

அப்புறம் இந்தியக் கம்பனி வந்து பாதை போடத் தொடங்கியது. மேடு முழுக்கக் கருங்கல். எங்கள் பிட்ச் போனது. கிளிநொச்சி, பளை என்று நெருங்கி வந்த ரயில் 2014 அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஊரே திரண்டு கைதட்டியது. எங்கள் டீமில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மதிலில் குந்தியிருந்தோம். அப்பப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சத்தம் பழைய சத்தமில்லை" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். ரயிலில் அவர் ஏறவே இல்லை.

*

மேலே எழுதியவருக்கு நினைவில் நிற்பது ரயில், எனக்கு இரவு.

2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடியதும் ஊரடங்கு வந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பொழுதுபட்டால் படலை பூட்டுத்தான். இருட்டிய பிறகு ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கப்பலில் சாமான் வந்தால்தான் கடையில் சாமான் என்ற காலம் அது. அம்மா சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பாதிதான் வெளியே வைப்பார். இன்றைக்கும் எனக்கு முழுச் சவர்க்காரத்தைத் தொட்டால் ஒரு குற்ற உணர்ச்சி, சிரிக்காதீர்கள்.

ஊரடங்கெல்லாம் போன பிறகு ஒரு நல்லூர்த் திருவிழா. அப்பா சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு இரவுப் பூசைக்குப் போனார். கச்சான் கடைகளின் வெளிச்சம், தும்பு முட்டாசு, மண்ணில் குந்தியிருந்து கதைக்கும் சனம். சாமியை நான் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ஆமிச் சென்றி (காவலரண்) இருந்த சந்தியில் அப்பா பழக்கத்தில் சைக்கிளால் இறங்கி உருட்டத் தொடங்கினார். அங்கே அப்போது யாருமே இல்லை. பத்தடி போனபின்தான் அவருக்கே தெரிந்தது.

*

நான் நல்லூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். நயினாதீவில் இருக்கிற பௌத்தக் கோயில், நாகவிகாரைக்குப் போகிறவர்கள். ரோட்டோரமே பஸ்ஸை நிற்பாட்டிச் சமைப்பார்கள். அதுவரை சிங்களம் கதைப்பவர் என்றால் எனக்கு ஆமிதான். "கொஹேத யன்னே?" என்று கேட்டால் எங்கே போகிறாய் என்று அர்த்தம், அடையாள அட்டையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சிங்களம்.

ஒருநாள் படலையடியில் வெள்ளைச் சேலை கட்டிய வயதான அம்மா ஒருவர். "வத்துர, வத்துர" என்று கையைக் குவித்துக் காட்டினார். அம்மா வாசலில் உறைந்து நின்றார். அம்மம்மாதான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த நேரம் பஸ் பக்கமிருந்து ஒரு சின்னப் பெடியன் "ஆச்சீ!" என்று கூப்பிட்டான். எங்கள் அம்மம்மாவை நானும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு ஆச்சிகளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர்களுக்கும்தான்.

போகும்போது ஒரு துண்டு தொதல் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தொடவிடவில்லை. இரண்டு நாள் அலமாரியில் இருந்தது, மூன்றாம் நாள் எறும்பு மொய்த்தது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் அந்த மொழிதான் கதைத்தார்கள்.

*

கிரிக்கெட், கச்சான் எல்லாம் வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் வன்னி, கடைசிப் போர் நடந்த பக்கம். செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் பல மாதம் இருந்துவிட்டு 2010இல் சித்தி வீட்டுக்கு யாழ்ப்பாணம் வந்தேன். உங்கள் வகுப்புகளில் கடைசி வாங்கில் புதிதாக வந்து இருந்தவன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷப் படிப்பு விட்டுப்போயிருந்தது, வயதுக்கு ஏற்ற வகுப்பில் இருத்திவிட்டார்கள்.

பக்கத்துக் கோயிலில் வெடி கொளுத்தினார்கள் ஒருநாள். நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். யோசித்துப் போகவில்லை, உடம்பு போய்விட்டது. வெளியே வந்தபோது வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஓ.எல். முடியும்வரை என் பெயர் "பங்கர்".

இப்போது கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

*

ஸ்டேஷன் கதை எழுதியவன்தான் மறுபடியும். நேற்று இதை வாசித்துவிட்டுப் பதில் எழுத வரவில்லை.

எங்கள் வகுப்பிலும் வன்னியிலிருந்து ஒருவன் வந்தான். அவனுக்கும் அதே பட்டப்பெயர். வைத்தது நானில்லை, ஆனால் கூப்பிட்டிருக்கிறேன். பின்னேரங்களில் எங்களோடு விளையாட வருவான். பேட் கொடுக்க மாட்டோம், பந்து பொறுக்கத்தான். பாதையோரப் பற்றைக்குள் பந்து போனால் அவன்தான் எடுப்பான். மற்றவர்கள் பாய்ந்து விழுந்து ஓடுவோம், அவன் மண்ணைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காலாக வைப்பான். வந்த தடத்திலேயே திரும்பியும் வருவான். "பங்கர் ஸ்டைலா நடக்கிறான்" என்று அதற்கும் சிரித்தோம்.