ஊசியைச் சுடுதண்ணியில கழுவினா போதுமா?

தோட்டத்துப்பையன் (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்க லயத்துல நாலஞ்சு பேர் போதை ஊசி போடுறாங்க. ஒரே ஊசியைச் சுடுதண்ணியில அலசி மாத்திக்கிறாங்க, கழுவிட்டா எச்ஐவி வராதுன்னு நம்புறாங்க. அதுல ஒருத்தன் என் சித்தப்பா மகன். முந்தாநேத்து ராத்திரியும் அப்படித்தான் போட்டிருக்கான். இப்ப என்ன செய்யலாம்?

தெலுக் இந்தான் அக்கா:
தம்பி, முதல்ல நேரத்தைப் பாருங்க. 72 மணி நேரம் இன்னும் முடியல. இன்னிக்கே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போய், ஊசி மாத்திப் போட்டதை மறைக்காம சொல்லி 'பெப்' (எச்ஐவி உடம்புல தொத்தாம தடுக்குற மருந்து) கேளுங்க. நாளைக்குப் போகலாம்னு தள்ளினா பலன் குறைஞ்சுக்கிட்டே வரும். ஆரம்பிச்சா 28 நாள், ஒரு நாளும் விடக்கூடாது. குமட்டல் வந்ததும் பலர் அங்கேயே நிறுத்திடுறாங்க. தானா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லணும்.

இன்னிக்கு எடுக்குற ரத்தப் பரிசோதனை பழைய நிலைமையைத்தான் காட்டும். 6 வாரம் கழிச்சும் 3 மாதம் கழிச்சும் மறுபடி பார்க்கணும். ரத்தத்துல பரவுற கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பி, சி ரெண்டுக்கும் சேர்த்தே பரிசோதனை கேளுங்க. சி இருந்தாலும் பயப்பட வேண்டாம், மாத்திரையிலேயே குணமாகுது. 2018-லிருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில அந்த மருந்து கிடைக்குது.

கம்பம் சுற்றுபவர்:
கழுவுறதைப் பத்திச் சொல்றேன். ரத்தம் ஊசி முனையில மட்டும் இல்ல. பிஸ்டனை முழுசா அழுத்தினாலும் சிரிஞ்ச் கழுத்துல கொஞ்சம் தங்கும். ஊசி கழட்டி மாட்டுற பெரிய சிரிஞ்ச்ல தங்குறது, ஊசி ஒட்டியே வர்ற 1 மில்லி இன்சுலின் சிரிஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். உள்ள மாட்டின ரத்தத்துல கிருமி நாள்கணக்கில, சில சமயம் வாரக்கணக்கிலகூட உயிரோட இருக்கும். சுடுதண்ணி அலசல் அதுக்குப் போதாது. குளோராக்ஸை (வெளுக்குற ப்ளீச்) நீர் கலக்காம உள்ள இழுத்து 30 விநாடி வெச்சு, கொட்டிட்டு, சுத்தத் தண்ணியில பல தடவை அலசினா ஆபத்து குறையும், ஆனா போகாது. வேற வழியே இல்லாதப்ப மட்டும்தான் அது.

எல்லாரும் கவனிக்காம விடுறது இன்னொண்ணு: கரண்டி, பஞ்சு, கலக்குற தண்ணி. ஆளுக்கொரு புது ஊசி இருந்தாலும் ஒரே கரண்டியில கலக்கினா ஹெப்படைட்டிஸ் சி சுலபமா பரவும், எச்ஐவியும் பரவலாம். மலேசியாவுல 2006-லிருந்து ஊசி மாத்துற திட்டம் இருக்கு. பழசைக் குடுத்துப் புதுசு வாங்கிக்கலாம்.

தோட்டத்துப்பையன்:
ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம் அக்கா. போதை ஊசியை விட கிளினிக்ல பதிலுக்குக் குடுக்குற மெத்தடோன் மருந்து பிரயோஜனம் இல்லைன்னு அவன் சொல்றான். செம்பனை மட்டைக் குவியல்ல வேற பழைய ஊசி கிடக்கு, யாருக்காவது கால்ல குத்தினா?

தெலுக் இந்தான் அக்கா:
குத்தினா கழுவ சோப்பும் ஓடுற தண்ணியும் போதும். பிதுக்க வேண்டாம், குளோராக்ஸ் ஊத்த வேண்டாம். அவங்களுக்கும் அதே 72 மணி நேரக் கணக்குதான். கிடக்குற ஊசியை இடுக்கியால எடுத்து, மூடி போடாம, துணி சோப்புத்தண்ணி வர்ற மாதிரி கெட்டியான காலி பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு இறுக்கி மூடிக் கிளினிக்ல குடுங்க.

மெத்தடோன் பெரும்பாலும் டோஸ் குறைவா இருந்தாதான் பலிக்காது. 15 முதல் 30 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க, பலருக்கு 60 முதல் 120 வரை தேவைப்படும். மெதுவாத்தான் ஏத்தணும், ஏன்னா மருந்து நாளுக்கு நாள் உடம்புல சேரும். முதல் ரெண்டு வாரம்தான் ரொம்ப ஆபத்து, அதோட சம்சு சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தா மூச்சு நின்னுடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுறானான்னும் கேளுங்க. அது மெத்தடோனை வேகமா உடைச்சுடும், உடம்பு நடுங்க ஆரம்பிச்சதும் பழைய ஊசியைத் தேடுவான். மெத்தடோன் கிளினிக், காசநோய் கிளினிக் ரெண்டும் இதைத் தெரிஞ்சுக்கிட்டா டோஸை ஏத்துவாங்க. காசநோய் மாத்திரை முடிஞ்சதும் மறக்காம மெத்தடோன் டோஸை இறக்கச் சொல்லுங்க.