கழலணும், அதான் அதோட வேலை: மட்கார்டு கிளிப்புக்கு ஒரு பேர்

எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் மட்கார்டு கிளிப்புக்கு தமிழ்ல என்ன பேர் வெக்கலாம்னு இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டிருக்கீங்க, நானும் ஒண்ணு சொல்றேன்.

மட்கார்டுக்கே தமிழ்ல ஒரு முடிவு வரல, அதுக்குள்ள அதோட கிளிப்புக்கு பேர் தேடுறியான்னு கேப்பீங்க. மட்கார்டை விட்டுடலாம்ங்க, சேறுகாப்பு, சகதித்தடுப்புன்னு எத்தனை வெச்சாலும் கடையில மட்கார்டு மட்கார்டுதான், யாழ்ப்பாணத்துல கேட்டாலும் மட்காட்தான், அதனால யாருக்கும் கைகால் உடையாது. கிளிப்பு அப்படி இல்ல, அதுக்கு தப்பா ஒரு பேர் வெச்சதால என் மணிக்கட்டு மூணு வாரம் வீங்கிக் கிடந்துச்சு.

எந்த கிளிப்புன்னு முதல்ல சொல்லிடறேன். இப்ப வர்ற கியர் சைக்கிள்கள்ல முன் மட்கார்டைத் தாங்குற கம்பி ரெண்டு பக்கமும் கீழ இறங்கி அச்சுக்குப் பக்கத்துல போர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கற கவட்டை, அதோட நுனியில மாட்டும் பாருங்க, அங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமான் இருக்கும், ஜெர்மனி எஸ்கேஎஸ் கம்பெனிக்காரங்க செக்யூக்ளிப்னு சொல்றது அதைத்தான். நம்ம ஊர் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்ல இது கிடையாது, அதுல இரும்புத் தகடு, கம்பி நேரா அச்சு நட்டுலயே போய் முடுக்கியிருக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரலே போற அளவுக்கு இடம் இருக்கும். இப்ப வர்ற மெல்லிசு மட்கார்டுல அந்த இடைவெளி இல்ல. டயர்ல ஒரு குச்சி ஒட்டிக்கிச்சுன்னா, முன்சக்கரத்தோட பின்பக்கம் மேல பாத்து ஏறுது இல்லையா, அந்த வழியா குச்சி மட்கார்டுக்குள்ள போய் சிக்கும், சிக்கினதும் மட்கார்டையும் சேத்து மேல இழுக்கும், மேல போர்க் தலையில போல்ட் பிடிச்சிட்டிருக்கு, கீழ கம்பி பிடிச்சிட்டிருக்கு, நடுவுல மாட்டின மட்கார்டு பாய் மாதிரி மடங்கி டயரை நெருக்கும், சக்கரம் சட்டுனு நிக்கும், ஓட்டுறவர் ஹேண்டில்பார் தாண்டி ரோட்டுல இருப்பார். பின்சக்கரம் நின்னா வழுக்கிட்டுப் போகும், முன்சக்கரம் நின்னா ஆளைத் தூக்கிடும். அந்த நேரத்துல கம்பி போர்க்கை விட்டு கழண்டு வந்தா மட்கார்டு ஒதுங்கிக்கும், சக்கரம் நிக்காது. கிளிப்பு இருக்கறது அதுக்காகத்தான். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210ங்கற சர்வதேச தரத்துல முன் மட்கார்டுக்கு இதுக்குன்னே சோதனை வெச்சிருக்காங்க, 12 மில்லிமீட்டர் இரும்பு ராடை போக்ஸ் கம்பிகளுக்கு நடுவுல விட்டு, மட்கார்டு கம்பிக்கு அடியில நிறுத்தி, 160 நியூட்டன் விசையில மேல தள்ளுவாங்க, கிட்டத்தட்ட 16 கிலோ பளு, அப்புறம் ராடை எடுத்துட்டுப் பாத்தா சக்கரம் தடையில்லாம சுத்தணும்.

இப்ப என் கதை. எங்க பக்கத்து கடையில இதை "மட்கார்டு லாக்"னுதான் சொல்றாங்க, நான் வாங்கின பாக்கெட்லயும் லாக்னுதான் போட்டிருந்துச்சு. இடது பக்கத்து லாக் ஒவ்வொரு ஸ்பீட்பிரேக்கர்லயும் தானா கழண்டுச்சு, உள்ள பல்லு சரியா வார்க்கல போல. சர்வீஸுக்கு விட்டேன். கடைத்தம்பி நல்ல பையன், "அண்ணே லாக் நிக்கவே மாட்டேங்குது, கட்டுக்கம்பி போட்டு இறுக்கிட்டேன், இனி ஜென்மத்துக்கும் கழலாது"ன்னு பெருமையா சொன்னான், நானும் சரிப்பான்னு காசு குடுத்துட்டு வந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு திருப்போரூர் ரோட்டுல மழை விட்ட காலையில ஒரு விரல் தடி வேப்பங்குச்சி. எழுந்து பாத்தா வலது பக்கம் கிளிப்பு அழகா கழண்டு தொங்குது, இடது பக்கம் கட்டுக்கம்பி கெட்டியா பிடிச்சிட்டிருக்கு.

தம்பி மேல என்ன தப்பு சொல்றது? லாக்னு பேர் வெச்ச சாமான் கழண்டா யாரா இருந்தாலும் கட்டத்தான் செய்வாங்க.

இங்க வந்த பேர்களுக்கு வர்றேன்.

> பாதுகாப்புக் கவ்வி

இதுவும் லாக் மாதிரிதான் சார். பாதுகாப்புன்னதும் கெட்டியா பிடிக்கும்னு நினைப்பாங்க, மறுபடி கட்டுக்கம்பி.

> தானியங்கு விடுவிப்புப் பிடிப்பான்

கடையில இதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த கஸ்டமர் வந்துடுவார். விடுவிப்புன்னா ஜெயில் ஞாபகம் வேற வருது.

> உருவுகவ்வி

இது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, மாடு கட்டற உருவு முடிச்சு மாதிரி ஒரே இழுப்புல வரும்ங்கற அர்த்தம். ஆனா உருவறது நம்ம கை செய்யற வேலை, இது கை படாம தானா விடணும்.

அதனால நான் சொல்றது கழல்கவ்வி. சுடுநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. கழன்ற கவ்வி, கழல்கிற கவ்வி, கழலும் கவ்வி, மூணு காலமும் உள்ள இருக்கு, பள்ளிக்கூட இலக்கணம் சைக்கிள் கடையில உதவும்னு நான் நினைச்சதே இல்ல. கழல்னா வீரர் கால்ல போடறது, சாமி திருவடின்னு ஒருத்தர் ஆட்சேபம் சொன்னார், சரிதான், ஆனா போர்க்கோட காலடியிலதானே இதுவும் கிடக்குது. இன்னொருத்தர், கழண்டதுன்னா "மறை கழண்டவன்"னு கிண்டல் பண்ணுவாங்கன்னார். பண்ணட்டுமே, கிண்டலா இருந்தா சீக்கிரம் பரவும். தம்பிகிட்ட சொன்னதுக்கு அவன் உடனே "கழல் கிளிப்பு"ன்னு மாத்திக்கிட்டான், அதுவும் எனக்கு சம்மதம், கழல் இருந்தா போதும், கவ்வியா கிளிப்பாங்கறது பெரிய விஷயமில்ல.

பழுது பத்தியும் ஒரு வார்த்தை வேணும், ஏன்னா இதுல பழுது ரெண்டு விதம். சும்மா ஸ்பீட்பிரேக்கர்லயே கழண்டா அது ஒரு பழுது, உடனே கண்ணுக்குத் தெரியும், சரி பண்றேன்னு கட்டிப்போட்டு நாமளே ஆபத்தை வரவழைச்சுக்குவோம், செய்ய வேண்டியது மாத்தறது மட்டும்தான், அதுவும் ரெண்டு பக்கமும் ஜோடியா. இன்னொண்ணு அழுக்கு அடைச்சு இறுகியோ போல்ட்டை மாத்தி முடுக்கியோ கழலவே கழலாம நிக்கறது. இது வெளிய பாத்தா முதல் தரமா இருக்கும். மாசம் ஒரு தடவை கம்பியை கையால வெடுக்குனு இழுத்துப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விட்டு வரணும், திரும்ப அமுக்கினா டக்குனு உக்காரணும். இந்த ரெண்டாவது பழுதுக்கு கழலாக்கவ்வி. செய்யாத வேலைங்கற மாதிரி எதிர்மறைப் பெயரெச்சம், ஈறு கெட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்.

வித்தவர்கிட்ட போனேன், "தேய்மானம் சார்"னார், வாங்கி பத்து நாள்ல கழல ஆரம்பிச்சதுக்கு தேய்மானமாம். 2019 நுகர்வோர் சட்டத்துல பொருளால அடிபட்டா தயாரிச்சவரையும் வித்தவரையும் கேக்க வழி இருக்கு, சரியா பயன்படுத்தற முறையும் எச்சரிக்கையும் போடாம வித்தாலும் தயாரிச்சவர் பொறுப்புன்னு அதுல இருக்கு, புகாருக்கு ரெண்டு வருஷ கெடு, முதல்ல பேசிப்பாக்க 1915 நம்பர். பில்லையும் உடைஞ்ச சாமானையும் பாக்கெட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நான் கட்டுக்கம்பியைக் கூட பத்திரமா வெச்சிருக்கேன், ஆனா அது எனக்கு சாதகமா இல்ல, கட்டினது உங்க பக்கம்தானேன்னு அவங்க கேப்பாங்க. பாக்கெட்ல லாக்னு போட்டு, கட்டாதீங்கன்னு ஒரு வரி கூட போடலையேங்கறதுதான் என் பதில்.

கம்பிக்கு தாங்குகம்பின்னு ஒருத்தர் குடுத்திருக்கார். கடையில மட்கார்டு கம்பின்னு ஏற்கனவே ஓடிட்டிருக்கு, அதைத் தொட வேண்டாம்னு நினைக்கிறேன். கழல்கவ்விக்கு மறுப்பு இருந்தா சொல்லுங்க, ஆனா சொல்ற பேரை ஒரு சைக்கிள் கடையில போய் சொல்லிப் பாத்துட்டு வந்து எழுதுங்க.